லண்டன் போகிறீர்களா? லைசன்ஸ் டெஸ்டுக்குக் கொழும்பிலேயே பழகத் தொடங்குங்கள்

கொழும்பில் பதினொரு வருடம் கார் ஓட்டிவிட்டுத்தான் நான் லண்டன் போனேன். காலி வீதியில் பின்னேரம் ஐந்தரை மணிக்கு இடப்பக்கம் 100ஆம் இலக்க பஸ், வலப்பக்கம் ஆட்டோ, இரண்டுக்கும் நடுவே நுழையப் பார்க்கும் மோட்டார் சைக்கிள், இவ்வளவுக்கும் மத்தியில் ஒரு கீறல் இல்லாமல் வெள்ளவத்தை வந்து சேரத் தெரிந்தவனுக்கு அங்கத்தைய டெஸ்ட் பெரிய விஷயமாக இருக்காது என்று நம்பினேன். முதல் தடவை தோற்றேன். சின்னத் தவறுகள் ஐந்து, அவற்றால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் சின்ன வீதியிலிருந்து பெரிய வீதிக்கு இடப்பக்கம் திரும்பும் இடத்தில் வலப்பக்கம் பார்த்தேன், இடைவெளி இருந்தது, காரை எடுத்தேன். இடப்பக்கம் குழந்தை வண்டியோடு ஒரு பெண் வீதியைக் கடக்கக் கால் வைத்திருந்ததை நான் பார்க்கவே இல்லை. பரீட்சகர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார்.

டெஸ்டில் தோற்றதைவிட அந்தப் பெண் குழந்தை வண்டியைப் பின்னுக்கு இழுத்த விதம்தான் பல நாள் என்னைத் தூங்க விடவில்லை. திரும்ப வந்து நிறுத்தியதும் பரீட்சகர் சொன்னதும் அதேதான்: காரைக் கையாளுவது நன்றாக இருக்கிறது, பார்ப்பதுதான் போதாது.

இப்போது நான் திரும்பவும் வெள்ளவத்தையில். அக்காவின் மகன் படிக்கப் போகிறான், அவனோடு மூன்று மாதமாக ஞாயிறு காலைகளில் காரில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அவனுக்குச் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொழும்பில் ஓட்டிப் பழகியவர்களின் கைக்கும் காலுக்கும் அங்கே புதிதாகக் கற்க அதிகம் இல்லை. இங்கும் அங்கும் இடப்பக்க ஓட்டம், ஸ்டீரிங்கும் வலப்பக்கம்தான். மாற வேண்டியது கண். அங்கே போய் மணித்தியாலக் கணக்கில் காசு கட்டி மாற்றுவதை, இங்கே இருக்கும்போதே காசில்லாமல் தொடங்கலாம்.

முதலில் கடதாசி வேலை

நான் எழுதுவது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து மூன்றுக்கும் பொருந்தும். இலங்கை லைசன்ஸ் வைத்திருப்பவர் அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் அதே லைசன்ஸில் கார் ஓட்டலாம். அதற்குப் பிறகு முடியாது. அவுஸ்திரேலியா, சிங்கப்பூர், ஜப்பான் போன்ற சில நாடுகளின் லைசன்ஸைக் கொடுத்து பிரிட்டிஷ் லைசன்ஸாக மாற்றிக்கொள்ளலாம், அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் ப்ரொவிஷனல் என்ற பழகுநர் லைசன்ஸ், தியரி என்ற அறிவுப் பரீட்சை, ப்ராக்டிகல் என்ற ஓட்டப் பரீட்சை என்று அடியிலிருந்துதான் வர வேண்டும். முதல் ஆறு மாதம் வேலையிலும் வீடு தேடுவதிலும் போய்விடும், பிறகு டெஸ்டுக்குத் திகதி கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும், அதற்குள் 12 மாதம் முடிந்துவிடும். முடிந்த பிறகு நீங்களும் எல் போர்டு ஒட்டி, பக்கத்தில் ஒருவரை இருத்தித்தான் ஓட்டலாம். அந்த ஆளுக்கு 21 வயதாவது ஆகியிருக்க வேண்டும், லைசன்ஸ் எடுத்து மூன்று வருடமும் ஆகியிருக்க வேண்டும்.

போவதற்கு முன் உங்கள் இலங்கை லைசன்ஸின் காலாவதித் திகதியைப் பாருங்கள். அந்த 12 மாதமும் அது செல்லுபடியாக இருந்தால்தான் ஓட்டலாம். முடியப் போகிறது என்றால் நுகேகொடையில் மெடிக்கல் எடுத்து வேரஹெரவில் புதுப்பித்துவிட்டே விமானம் ஏறுங்கள், கடைசிக் கிழமைக்கு விடாதீர்கள். கடைசிக் கிழமையில் உங்களுக்கு அரைத்த மிளகாய்த்தூள் கட்டுவதற்கே நேரம் போதாது.

ப்ரொவிஷனலுக்கு இங்கிருந்து விண்ணப்பிக்க முடியாது. பிரிட்டனில் விலாசம் வேண்டும், குறைந்தது 185 நாள் அங்கே இருப்பதற்கு அனுமதியும் வேண்டும். போய் இறங்கி, இருக்க ஓரிடம் சரியான முதல் மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். இதை எழுதும்போது ஒன்லைனில் 34 பவுண்ட். தியரிக்கு 23. ப்ராக்டிகலுக்கு வார நாளில் 62, பின்னேரமும் வார இறுதியும் என்றால் 75. எல்லாவற்றையும் அரசாங்கத்தின் இணையத்தளத்திலேயே நீங்களே செய்யுங்கள். தேடும்போது அதேபோலத் தோற்றமளிக்கும் வேறு தளங்கள் வரும், அவை அதே வேலைக்கு மேலதிகக் காசு வாங்கும்.

கொழும்பில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

டெஸ்டில் பாஸாகிறவர்கள் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. வருடா வருடம் ஆட்கள் தோற்கும் காரணங்களின் பட்டியல் அங்கே வெளியாகிறது, அதில் முதலாவதாகத் தொடர்ந்து நிற்பது சந்திகளில் சரியாகப் பார்க்காமல் எடுப்பது. அதற்கு அடுத்தாற்போல் வருவது திசை மாறும்போது கண்ணாடி பார்க்காதது. இரண்டுமே கண் சம்பந்தப்பட்டவை. கொழும்பில் நாம் முன்னால் மட்டும் பார்த்து ஓட்டிப் பழகிவிட்டோம். பின்னால் வருகிறவன் தன்னைப் பார்த்துக்கொள்வான், தேவையென்றால் ஹோர்ன் அடிப்பான் என்பது இங்கே எழுதாத ஒப்பந்தம். அங்கே அந்த ஒப்பந்தம் இல்லை. உங்களைச் சுற்றி என்ன நடக்கிறது என்பது உங்கள் பொறுப்பு.

ஆகவே முதல் பயிற்சி கண்ணாடி. காரை எடுக்குமுன் உள்கண்ணாடி, இரண்டு பக்கக் கண்ணாடி, பிறகு வலது தோளுக்கு மேலால் திரும்பி ஒரு பார்வை. கண்ணாடியில் விழாத மூலை ஒன்று இருக்கிறது, அங்கேதான் சைக்கிள்காரன் இருப்பான். சிக்னல் போடுவதற்கு முன் கண்ணாடி, வேகத்தைக் கூட்டுமுன் கண்ணாடி, குறைக்குமுன் கண்ணாடி. வரிசை எப்போதும் கண்ணாடி, சிக்னல், அதன் பிறகுதான் திருப்புவது. கொழும்பில் நாம் திருப்பிக்கொண்டே சிக்னல் போடுவோம், சிலர் போடுவதே இல்லை. என் மருமகன் முதல் கிழமை இதைச் செய்யும்போது, "மாமா, கழுத்து நோகுது" என்றான். "நோகட்டும் தம்பி, இன்னும் இரண்டு கிழமையில் நோகாது" என்றேன். இப்போது சொல்லாமலே திரும்பிப் பார்க்கிறான். பார்க்கும்போது பரீட்சகருக்குத் தெரியும்படி தலையையும் கொஞ்சம் அசையுங்கள். கண்மணி மட்டும் அசைந்தால் நீங்கள் பார்த்தீர்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது ஹோர்ன். ஒரு கிழமை ஹோர்னைத் தொடாமல் கொழும்பில் ஓட்டிப் பாருங்கள். முதல் நாள் கை தானாகப் போகும். முந்தும்போது, கலர் லைட் பச்சையான அரை நொடியில், ஒழுங்கை முனையில், நன்றி சொல்ல, எல்லாவற்றுக்கும் நமக்கு ஹோர்ன்தான். பிரிட்டனில் நான் இங்கே இருக்கிறேன் என்று எச்சரிக்க மட்டும்தான் அது. நின்றுகொண்டிருக்கும் காரிலிருந்து அடிக்கக் கூடாது, ஆபத்தாக யாராவது உங்கள் மேல் வந்தால் தவிர. வீடுகள் உள்ள இடங்களில் இரவு 11.30 முதல் காலை 7 மணிவரை அடிக்கவே கூடாது. ஹோர்ன் இல்லாமல் ஓட்டும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள்: அடிக்க வேண்டி வரும் இடத்தை முன்கூட்டியே பார்த்து வேகத்தைக் குறைக்கத் தொடங்குவீர்கள். அங்கே எதிர்பார்ப்பது அதைத்தான்.

லைட் அடிப்பதும் அப்படியே. இங்கே எதிரே வருகிறவன் லைட் அடித்தால் நான் வருகிறேன், நீ நில் என்று அர்த்தம். அங்கே வீதியில் நிறையப் பேர் நீங்கள் போங்கள் என்பதற்கு அடிப்பார்கள், ஆனால் ஹைவே கோட் என்ற விதிப் புத்தகத்தின்படி அதற்கு நான் இருக்கிறேன் என்பதைத் தவிர வேறு அர்த்தம் இல்லை. டெஸ்டில் யாராவது லைட் அடித்தால் அதை நம்பி எடுக்காதீர்கள், நீங்களே பார்த்து, பாதுகாப்பென்றால் மட்டும் எடுங்கள்.

அப்புறம் இடைவெளி. முன்னால் போகும் வாகனத்துக்கும் உங்களுக்கும் இரண்டு நொடி தூரம் வேண்டும், மழை என்றால் நான்கு. முன்னால் போகும் வாகனம் ஒரு தூணைத் தாண்டியதும் ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு என்று நிதானமாக எண்ணுங்கள், எண்ணி முடிக்குமுன் நீங்கள் அந்தத் தூணுக்கு வந்துவிட்டால் நெருங்கிவிட்டீர்கள். கொழும்பில் இதைச் செய்தால் அந்த இடைவெளிக்குள் ஒரு ஆட்டோ வரும். வரட்டும். திரும்பப் பின்வாங்கி இரண்டு நொடி விடுங்கள். இன்னொரு ஆட்டோ வரும், திரும்பவும் பின்வாங்குங்கள். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி போய்ச் சேர ஐந்து நிமிடம்தான் கூடும், நான் மணிக்கூட்டைப் பார்த்தே சொல்கிறேன். வேறொருவன் இடத்தைப் பிடித்தால் மனம் பதறாமல் இருப்பது ஒரு பயிற்சி, அதற்குக் கொழும்பைவிட நல்ல மைதானம் கிடையாது.

வெள்ளவத்தை ஒழுங்கைகளையும் பயன்படுத்துங்கள். ராமகிருஷ்ண வீதி, பிரெட்ரிகா வீதி, ஹம்டன் ஒழுங்கை எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் கார் நிறுத்தியிருக்கும், நடுவால் ஒரு வாகனம்தான் போகலாம், எதிரே ஒரு வான் வரும். லண்டனின் குடியிருப்பு வீதிகளும் அச்சு அசலாக இப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே இருவரும் உள்ளே நுழைந்து நடுவில் முகத்துக்கு முகம் நின்றுதான் யார் பின்வாங்குவது என்று முடிவு செய்வோம். அங்கே தூரத்திலேயே எதிர்வாகனத்தைப் பார்த்து, ஒதுங்கக்கூடிய இடைவெளியை முன்கூட்டியே தெரிந்தெடுத்து, அதில் ஒதுங்கி நிற்க வேண்டும். நிறுத்தியிருக்கும் காரைத் தாண்டும்போது அதன் கதவு முழுதாகத் திறந்தாலும் படாத அளவு தள்ளிப் போங்கள், அவ்வளவு இடம் இல்லையென்றால் நடை வேகத்துக்கு இறக்குங்கள். இதை ஹம்டன் ஒழுங்கையில் சந்தை நேரத்தில் பழகினால் எங்கேயும் செய்யலாம்.

நடந்து போகிறவர்களைப் பற்றி நான் இங்கே கொஞ்சம் கூடுதலாகவே எழுதுவேன், காரணம் உங்களுக்குத் தெரியும். 2022 ஜனவரியில் ஹைவே கோடில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. வீதியில் யாரால் கூடுதல் சேதம் வருமோ அவருக்கே கூடுதல் பொறுப்பு என்பது அதன் அடிப்படை. நீங்கள் ஒரு வீதிக்குள் திரும்பும்போது அந்த வீதியைக் கடக்கக் காத்து நிற்பவருக்கும் வழி விட வேண்டும், ஏற்கனவே கால் வைத்தவருக்கு மட்டும் இல்லை. கடவையிலும் அப்படியே, ஓரத்தில் ஒருவர் காத்து நின்றாலே நில்லுங்கள். சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும். கொழும்பில் பாதசாரிதான் கையை நீட்டி, நம் முகத்தைப் பார்த்து, நிற்பானா மாட்டானா என்று கணக்குப் போட்டு ஓடிக் கடக்கிறார். ஹவ்லொக் வீதியில் பள்ளிவிடும் நேரத்தில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கடவைக்கும் முன்னால் கண்ணாடி பார்த்து, மெதுவாகப் பிரேக் பிடித்து, கோட்டுக்கு முன்னாலேயே நின்று, அவர் மறுகரை ஏறும்வரை காரை நகர்த்தாமல் இருங்கள். பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கும், முதல் நாள் வியர்க்கும். ஆனால் திடீரென்று நிற்காதீர்கள், பக்கத்து லேனில் வருகிறவன் நிற்காமல் போகக்கூடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே அது உயிர் விஷயம்.

சுற்றுவட்டம் பழகப் பொரளைக் கனத்தைச் சுற்றுவட்டம் இருக்கிறது. வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழி விட வேண்டும் என்ற விதி இரண்டு நாட்டுக்கும் ஒன்றுதான், ஆனால் இங்கே மூக்கை நுழைத்தவன் முதலில் போகிறான். ஞாயிறு காலை ஆறரைக்குப் போனால் நிதானமாகப் பழகலாம். இடப்பக்கம் முதல் வழியில் வெளியேறுவதென்றால் இடது லேன், இடது சிக்னல். நேரே போவதென்றால் பெரும்பாலும் இடது லேன், நுழையும்போது சிக்னல் இல்லை, உங்கள் வழிக்கு முந்தைய வழியைத் தாண்டியதும் இடது சிக்னல். வலப்பக்கம் போவதென்றால் வலது லேன், வலது சிக்னல், வெளியேறுமுன் இடது சிக்னல். வீதியில் லேன் அடையாளம் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படி நடக்க வேண்டும். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு ஆக்கிக்கொள்ளுங்கள். லண்டனில் பத்து நிமிடம் ஓட்டினால் ஒரு சுற்றுவட்டமாவது வந்துவிடும்.

வீட்டில் இருப்பது ஓட்டோ கியர் கார் என்றால் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஓட்டோவில் டெஸ்ட் பாஸானால் அங்கே ஓட்டோ மட்டும்தான் ஓட்டலாம். மெனுவலில் பாஸானால் இரண்டும் ஓட்டலாம். நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் இருந்தால், டெலிவரி வான் போன்ற வேலைக்கும் போகக்கூடும் என்றால், மெனுவல் எடுங்கள், அதன் கிளச் பழக்கத்தை இங்கேயே ஒரு லேர்னர்ஸ் பாடசாலையில் பத்துப் பதினைந்து மணித்தியாலம் காசு கட்டி முடித்துவிடுங்கள். அங்கே ஒரு மணித்தியாலத்துக்குக் கட்டும் காசில் இங்கே பல மணித்தியாலம் ஓடலாம். ஆனால் அந்த இன்ஸ்ட்ரக்டர் ட்ரயல் என்ற இங்கத்தைய ஓட்டப் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுக்கும் உத்திகளை, கம்பத்தைக் கண்ணால் குறி வைத்து ரிவர்ஸ் எடுப்பது போன்றவற்றை, இதற்கென்று பழகத் தேவையில்லை.

தியரி

இது ஆங்கிலத்தில்தான், இல்லையென்றால் வெல்ஷ் மொழியில். முன்பு கேள்விகளைத் தமிழ்க் குரலில் கேட்டும் செய்யலாம், 2014 ஏப்ரலில் மற்ற மொழிகளை நிறுத்திவிட்டார்கள், மொழிபெயர்ப்பாளரையும் கூட்டிப்போக முடியாது. கொழும்பில் படித்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பிரச்சினையாக இருக்காது, ஆனால் பிறகு போய்ச் சேரும் அம்மாவோ மனைவியோ சிரமப்படக்கூடும், அவர்களுக்கு இப்போதே தொடங்கிவிடுங்கள். ஹைவே கோட் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் என்று ஆறுதலாக வாசித்தால் போதும்.

50 கேள்வி, 57 நிமிடம், 43 சரியாக இருக்க வேண்டும். நம் எழுத்துப் பரீட்சையின் நினைப்பில் கடைசி இரவு மாதிரிக் கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்தால் தடுமாறுவீர்கள். குறிப்பாக நிற்கும் தூரம். 30 மைல் வேகத்தில் 23 மீட்டர், 70 மைல் வேகத்தில் 96 மீட்டர் என்று எண்களாகக் கேட்பார்கள். மைல் கணக்கையும் தலையில் ஏற்றுங்கள்: 30 மைல் நம் 48 கிலோமீட்டர், கொழும்பின் 50 வேகத்துக்குக் கிட்ட. 20 மைல் என்பது 32 கிலோமீட்டர்தான், அது எவ்வளவு மெதுவென்று மெரைன் டிரைவில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். லண்டனின் பல பகுதிகளில் அதுதான் எல்லை, வேல்ஸில் 2023 செப்டம்பரிலிருந்து வீடுகள் உள்ள வீதிகளில் பொதுவாக அதுவே.

இரண்டாவது பகுதி ஆபத்தை முன்கூட்டிக் காணும் பரீட்சை. 14 வீடியோ, காரோட்டியின் இடத்திலிருந்து பார்ப்பது போன்றவை. ஏதோ ஒன்று உங்களைப் பிரேக் பிடிக்கவோ திருப்பவோ வைக்கப் போகிறது என்று தெரிந்ததும் கிளிக் பண்ண வேண்டும். சீக்கிரம் கண்டால் 5 புள்ளி, பிந்தப் பிந்தக் குறையும். ஒரு வீடியோவில் மட்டும் இரண்டு ஆபத்து வரும், ஆகவே மொத்தம் 75க்கு 44 வேண்டும். சும்மா தொடர்ந்து கிளிக் பண்ணிக்கொண்டிருந்தால் அந்த வீடியோவுக்குப் பூச்சியம்.

நம்மவர்கள் இதில்தான் விழுகிறார்கள். கொழும்பில் எல்லாமே ஆபத்து என்பதால் எதையும் ஆபத்தாக நாம் எண்ணுவதில்லை, பஸ்ஸின் பின்னாலிருந்து ஒரு ஆள் வெளிவந்தால் அதற்குப் பெயர் சாதாரண நாள். இதற்கு நான் மருமகனுக்குக் கொடுத்த பயிற்சி: 100ஆம் இலக்க பஸ்ஸில் முன் சீட்டில் இரு, வீதியைப் பார்த்து மனதுக்குள் சொல்லிக்கொண்டே வா. தரித்து நிற்கும் ஆட்டோவின் முன்சில்லு திரும்புகிறது, எடுக்கப் போகிறான். கடையிலிருந்து பிள்ளை ஒன்று அம்மாவின் கையை விட்டுவிட்டது. முன்னால் பஸ் நிறுத்தத்தில் பஸ் நிற்கிறது, கதவு பக்கம் ஆட்கள் இல்லை, ஆகவே இப்போது எடுக்கும். பாணந்துறை வரை போய் வந்தால் நூறு காட்சி கிடைக்கும். காரில் நீங்கள் ஓட்டும்போது இதையே வாய்விட்டுச் சொல்லலாம், பக்கத்தில் இருப்பவருக்கும் நீங்கள் எதைக் காணவில்லை என்று தெரியவரும்.

தியரி பாஸான சான்றிதழ் இரண்டு வருடம்தான் செல்லும். அதற்குள் ப்ராக்டிகல் முடிய வேண்டும்.

அங்கே போன பிறகு

நீங்கள் ஓட்டுகிறவர் என்றாலும் ஒரு இன்ஸ்ட்ரக்டரிடம் குறைந்தது ஐந்தாறு வகுப்பு எடுங்கள். சொந்தக்காரர்களில் நன்றாக ஓட்டுகிறவர் இருப்பார், அவர் காசு வாங்காமல் சொல்லித்தருவார், ஆனால் அவர் டெஸ்ட் பாஸாகிப் பதினைந்து வருடம் ஆகியிருக்கும், அவருக்கும் பழக்கங்கள் ஊறியிருக்கும். முன்கண்ணாடியில் பச்சை எண்கோண அட்டை இருந்தால் முழுத் தகுதி பெற்ற இன்ஸ்ட்ரக்டர், இளஞ்சிவப்பு முக்கோணம் என்றால் பயிற்சியில் இருப்பவர். முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள், எனக்கு ஓட்டத் தெரியும், டெஸ்ட் எடுப்பதைப் போலவே ஒரு மணித்தியாலம் ஓட்ட விட்டு என் தவறுகளை எழுதித் தாருங்கள் என்று. அந்தக் கடதாசி உங்களுக்குத் தங்கம்.

கைக்கு ஒரு சின்ன அதிர்ச்சி இருக்கிறது. நம் ஜப்பான் கார்களில் சிக்னல் போடும் தண்டு ஸ்டீரிங்கின் வலப்பக்கம். அங்கத்தைய கார்கள் பெரும்பாலானவற்றில் அது இடப்பக்கம். முதல் நாள் ஒவ்வொரு சந்தியிலும் எனக்கு வைப்பர் ஓடியது. இரண்டு மூன்று மணித்தியாலத்தில் கை பழகிவிடும், ஆனால் அந்த மணித்தியாலங்கள் டெஸ்ட் நாளுக்கு முன்னால் வர வேண்டும்.

கொழும்பில் காணாத இன்னொன்று குட்டிச் சுற்றுவட்டம். சந்தி நடுவில் வெள்ளைப் பூச்சால் ஒரு வட்டம் போட்டிருப்பார்கள், மேடு கூட இருக்காது. அதற்கு மேலால் ஏறி நேரே போகலாம் போலிருக்கும், போகக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும், வலப்பக்கத்துக்கு வழியும் விட வேண்டும். அதேபோல ஸ்டொப் பலகை உள்ள இடத்தில் வீதி வெறுமையாக இருந்தாலும் சில்லு முழுதாக நிற்க வேண்டும். நமக்கு உருட்டிக்கொண்டே பார்த்துவிட்டு எடுக்கும் பழக்கம், அது ஒன்றே உங்களைத் தோற்கடிக்கும்.

ஒரு முறை தோற்றவர்கள் பயந்துபோய் மறுபக்கம் சாய்கிறார்கள். தாராளமான இடைவெளி இருந்தும் சந்தியில் எடுக்காமல் நிற்பதும் தவறாகத்தான் பதிவாகும். இரண்டாம் தடவைக்கு முன் எனக்கும் அந்தப் பயம் வந்தது, இன்ஸ்ட்ரக்டர் ஒரு மணித்தியாலம் முழுக்கச் சந்திகளில் மட்டுமே ஓட வைத்து அதைப் போக்கினார்.

டெஸ்ட் நாள்

ப்ரொவிஷனல் அட்டையை மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள், காசும் போய்விடும். கார் பெரும்பாலும் இன்ஸ்ட்ரக்டருடையதாக இருக்கும். முதலில் 20 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு நம்பர் பிளேட்டை வாசிக்கச் சொல்வார்கள், முடியாவிட்டால் டெஸ்ட் அங்கேயே முடிந்தது. இங்கே கண் பரிசோதனை மலிவு, போவதற்கு முன்னரே செய்து, தேவையென்றால் இரண்டு மூக்குக் கண்ணாடி செய்துகொண்டு போங்கள்.

ஓட்டம் சுமார் 40 நிமிடம். வாகனத்தைப் பற்றி இரண்டு கேள்வி, ஒன்று எடுக்குமுன், மற்றது ஓடும்போதே செய்துகாட்டச் சொல்வார்கள். ஒரு ரிவர்ஸ் வேலை வரும்: வீதியோரம் இரண்டு காருக்கு நடுவே போல நிறுத்துவது, பார்க்கிங் கட்டத்துக்குள் நிறுத்துவது, அல்லது வலப்பக்க ஓரத்தில் நிறுத்தி இரண்டு கார் நீளம் பின்னால் வருவது, இவற்றில் ஏதாவது ஒன்று. கோணலாகப் போனால் திருத்தி எடுக்கலாம், குற்றமில்லை. சுற்றிப் பார்க்காமல் எடுப்பதுதான் குற்றம். யாராவது நடந்து வந்தால் நிறுத்திக் காத்திருங்கள். அப்புறம் கணிசமான நேரம் நீங்களாகவே சாட்நாவ் என்ற வழிகாட்டிக் கருவியைப் பார்த்தோ பலகைகளைப் பார்த்தோ ஓட வேண்டும். இதில் வழி தவறினால் புள்ளி குறையாது. வழி தவறப் போகிறோமே என்று கடைசி நொடியில் லேன் மாறினால்தான் தோல்வி. ஆகவே பிழையான லேனில் வந்துவிட்டால் அந்த லேன் போகும் பக்கமே போய்விடுங்கள், அவர் வேறு வழி சொல்வார்.

பரீட்சகர் பேசும் சில வாக்கியங்களை முன்பே கேட்டுப் பழகுங்கள். 'புல் அப் ஒன் த லெஃப்ட்' என்றால் இடப்பக்கம் ஓரமாக நிறுத்தச் சொல்கிறார். நிறுத்துமுன் கண்ணாடி, சிக்னல், யாருடைய வாசலையும் மறிக்காத இடம். 'அட் த எண்ட் ஒஃப் த ரோட், டேர்ன் ரைட்' என்றால் அந்த வீதி முடிந்து குறுக்கு வீதியில் சேரும் இடத்தில் வலப்பக்கம், நடுவில் வரும் ஒழுங்கைக்குள் இல்லை. விளங்காவிட்டால் தயங்காமல் திரும்பக் கேளுங்கள், அதற்குப் புள்ளி குறைப்பதில்லை. அவர் சிரிக்காமல் எதையோ எழுதிக்கொண்டிருந்தால் தோற்றுவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். சின்னத் தவறு 15 வரை இருந்தாலும் பாஸ்தான். பெரிய தவறு ஒன்று வந்தால்தான் இல்லை. நடந்த தவறைப் பின்னால் விட்டுவிட்டு அடுத்த சந்தியைப் பாருங்கள்.

முடிவை அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார்கள். தோற்றால் அடுத்த டெஸ்டுக்கும் இதற்கும் இடையில் குறைந்தது பத்து வேலை நாள் விட வேண்டும், அன்று பின்னேரமே அடுத்த திகதியைத் தேடத் தொடங்குங்கள், நல்ல திகதிகள் போய்விடும். யாராவது ரத்துச் செய்வதால் அதிகாலையிலும் திகதி விழும், அடிக்கடி பாருங்கள். வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்ல வெட்கப்படவும் வேண்டாம், நான் ஒரு கிழமை மறைத்தேன், சொன்ன பிறகுதான் நிம்மதியாகப் பழக முடிந்தது.

பாஸானால் அடுத்த இரண்டு வருடம் மிகக் கவனம். அதற்குள் வீதிக் குற்றங்களுக்காக ஆறு தண்டப் புள்ளி விழுந்தால் லைசன்ஸ் ரத்து, திரும்பவும் ப்ரொவிஷனல், தியரி, ப்ராக்டிகல் என்று முதலிலிருந்து. ஓட்டும்போது கையில் போன் பிடித்து அகப்பட்டால் அந்த ஒரு தடவைக்கே ஆறு புள்ளியும் 200 பவுண்ட் தண்டமும். கலர் லைட்டில் நிற்கும்போது வட்ஸ்அப் பார்ப்பதும் இதற்குள் அடங்கும், அந்தப் பழக்கத்தையும் பம்பலப்பிட்டிச் சந்தியிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறுங்கள். இலங்கை லைசன்ஸையும் காலாவதியாக விடாமல் வைத்திருங்கள், விடுமுறைக்கு வரும்போது அப்பாவின் காரை எடுக்க அது வேண்டும். அந்த முதல் நாளில் சிக்னல் தண்டு திரும்பவும் வலப்பக்கம் இருக்கும், ஒரு பத்து நிமிடம் ஒழுங்கைக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டே காலி வீதிக்கு ஏறுங்கள்.